பாரிஸ்டர் வீட்டு ஆறு ஜாடி

— ஜாடியில ஒட்டியிருந்த சீட்டெல்லாம் எங்கடி இன்னாசி?

— செம்பருத்திச் செடியில காயப் போட்டிருக்கேண்ணே. ஈரத்தோட எடுத்தா கிழிஞ்சிரும்.

— காயப் போட்டிருக்கியா! பாரிஸ்டர் ஐயாவோட பைப் புகையிலை ஜாடியை யாரு ஒன்னைக் கழுவச் சொன்னா?

— நீங்கதான். “ஐயா ஒரு மாசம் கழிச்சு மெட்ராஸ்லேர்ந்து நாலு மணி ரயிலுக்கு வாராரு, வீடு பளபளன்னு இருக்கணும்”னு காலையில கத்துனது யாரு? மூடியத் திறக்கலண்ணே. தொட்டியில எறக்கி வெளிப்பக்கம் மட்டும் நாரு போட்டுத் தேச்சேன். சீட்டு தானாக் கழண்டு மெதக்குது, நான் என்ன செய்ய?

— ஆறு ஜாடி. ஆறு ரகம். ஒவ்வொண்ணுலயும் அவரு கையாலயே பேரெழுதி ஒட்டுனது. முக்காவாசி கப்பல்ல வார சரக்கு! இப்ப எந்தச் சீட்டு எந்த ஜாடிக்குன்னு எவனுக்குத் தெரியும்?

— இந்த வீட்டுக் காரியஸ்தரு அடைக்கலத்துக்கே தெரியாதா?

— சட்டப்படி நான் அந்த அலமாரிப் பக்கமே போறதில்லை. ஒம்பது வருசத்துல ஒரு மூடியத் திறந்ததில்லை. அந்த நாணயத்துக்குத்தான் ஐயா எம்மேல உசிரா இருக்காரு. வார வெள்ளிக்கிழமை எம்மவ கல்யாணத்துக்குத் தன் காரையே தாரேன்னு சொல்லியிருக்காரு. பொண்ணு காருல வந்து எறங்கும்னு குளத்தூர் பூராவும் சொல்லிட்டேன், தமுக்கு அடிக்காததுதான் பாக்கி. இன்னிக்கு அவரு கோவிச்சுக்கிட்டாருன்னா மாட்டுவண்டிதான். சம்பந்தி வீட்டுல சிரிப்பாச் சிரிச்சுருவாங்க.

— ஆறையும் ஒடச்சிட்டுப் பூனை மேல பழியப் போட்டுருவமா?

— போன மாசம் வெளக்குச் சிம்னி ஒடஞ்சதுக்கும் பூனையத்தான் சொன்னே. அது செத்து ஆறு மாசமாச்சு.

— அப்ப ஒண்ணு செய்வோம். ஜாடியெல்லாம் எடுத்த வரிசையிலயே திருப்பி வெச்சிருக்கேன். நீங்க சீட்டப் படிங்க.

— படிச்சு? ஒனக்குத்தான் எழுத்தே தெரியாதே.

— எழுத்துதானே தெரியாது? படிங்கண்ணே, மணி ரெண்டாச்சு.

— இரு, கூட்டிப் படிக்கணும். இது... ரம்மு.

— சாராயம்தானே? மூணாவது ஜாடி.

— மோந்து பாக்காமலே சொல்றே?

— தூசி தட்டுறப்ப வாசம் வரும்ல.

— சரி. இது தேனு.

— கடைசி ஜாடி. தொண்டையில எறங்குறப்ப இனிக்கும், பொறவு லேசாக் கசக்கும்.

— இன்னாசி.

— என்னண்ணே?

— தூசி தட்டுனா தொண்டையில எப்படி எறங்கும்?

— மாதாவே! சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு சிட்டிகைண்ணே. எலையில சுருட்டி, கோழிக்கூட்டுக்குப் பின்னால. சுருட்டுக் குடிச்சுப் பழகுன வாயி, ஐயா பைப்பு வாசம் வந்தா சும்மா இருக்குமா?

— அடிப்பாவி! எத்தனை நாளா?

— ரெண்டு வருசமா. ஐயாகிட்டச் சொல்லணும்னா சொல்லுங்க. அதுக்கு முந்தி மிச்சம் நாலு ஜாடிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க.

— ...இது லட்டாக்கியா. வெறகுப் பொகையில வாட்டுனதுன்னு விருந்தாளிங்ககிட்ட ஐயா சொல்லுவாரு. காபித் தட்டோட நின்னு கேட்டிருக்கேன்.

— கருவாடு சுட்ட அடுப்பு மாதிரி மணக்கும். மொத ஜாடி.

— இது துருக்கி. சாம்பிராணி மணம்பாரு.

— அஞ்சாவது. அதக் குடிச்சிட்டு நேரா கோயிலுக்குப் போயிருவேன். தூபம்னு சாமியாரே நெனச்சுக்குவாரு.

— இந்தப் பாவமெல்லாம் எங்க போயித் தீரப்போகுதோ! இது வர்ஜினியா. வெளிர் நெறம், வைக்கோல் வாசம்.

— ரெண்டாவது. சப்புன்னு இருக்கும். காய்ச்சக்காரனுக்குக் குடுக்குற கஞ்சியாட்டம்.

— அப்ப மிச்சம் நாலாவது, திண்டுக்கல்லு.

— அதேதான். ஒரு இழுப்புல செத்துப்போன எம் மாமியா மூஞ்சி தெரியும்.

— எதுக்கும் எல்லா மூடியும் திறந்து ஒருக்க மோந்து பாத்துரு. நான் திறக்க மாட்டேன், ஒம்பது வருசச் சத்தியம் கெட்டுப்போகும்.

— பாத்துட்டேண்ணே. எல்லாம் நான் சொன்னபடியேதான்.

— சோத்துப் பருக்கையைக் கொண்டா இங்கிட்டு. கோணாம ஒட்டு. துருக்கியத் தலைகீழா ஒட்டுறே பாரு! ம்... இப்பச் சரி. இன்னாசி, நீ திருடிதான். ஆனா இன்னிக்கு எங்குடும்ப மானத்தைக் காப்பாத்திட்டே.

— அண்ணே, மணி நாலரையாச்சு, காரு சத்தம் கேக்குது!

— வாங்கய்யா, வாங்க. பயணம் சொகந்தானுங்களா? பெட்டியை இப்படிக் குடுங்க.

— ரைட், அடைக்கலம். வீடு கண்ணாடியாட்டம் இருக்கே! வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள ஒன் வீட்டு வாசல்ல காரு நிக்கும். டிரைவர்கிட்டச் சொல்லிட்டேன்.

— எங்குலமே ஒங்களுக்குக் கடமைப்பட்டிருக்குங்க.

— அதெல்லாம் இருக்கட்டும். நான் ஊர்ல இல்லாதப்போ இந்த ஜாடிகளை யாராவது தொட்டீங்களா?

— சட்டப்படி சத்தியமுங்க, யாரும் தொடலை. நீங்க ஒட்டுன சீட்டு ஒட்டுனபடியே இருக்கு.

— நல்லது. ஒவ்வொண்ணா திறந்து பாக்கறேன். லட்டாக்கியா... ரைட். வர்ஜினியா... ரைட். ரம், திண்டுக்கல், துருக்கி, தேன்... அடேயப்பா, ஆறும் சரியா இருக்கே!

— மாதாவே, ஒனக்கு ஆறு மெழுகுவத்தி! நான் போயி அடுப்பைப் பாக்குறேங்கய்யா.

— நில்லு இன்னாசி. அடைக்கலம், நீயும் நில்லு. புகையிலை வாரா வாரம் குறையுதேன்னு, மெட்ராஸ் கிளம்பின அன்னிக்கு ஆறு சீட்டையும் ஒண்ணுகூடச் சரியா இல்லாதபடி மாத்தி ஒட்டிட்டுப் போனதே நான்தான்.