மலைமேல் மொட்டை

“காலேஜுக்குப் போனவ மறுபடி நம்மகிட்ட ஒட்டுவாளா?” என்று அத்தை ஒருமுறை கேட்டாள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன்.

போன வாரம் திருத்தணி மலையில், முடியிறக்கும் கொட்டகை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் நின்றார்கள்.

“பரீட்சை எழுதனது நான்தாம்மா. முருகனுக்கு எதுக்கு முடி?” என்றாள் மகள்.

“மெல்ல பேசுடி, சாமி பக்கத்துலதான் கீறாரு. நீ பாஸாவணும்னுதானே வேண்டிக்கினேன்.”

“மொட்டையோட ஹாஸ்டலுக்குப் போனா தாலியறுத்தவன்னு நெனைப்பாங்க. சின்ன காலேஜு, ஒளிஞ்சிக்கக்கூட எடமில்ல.”

“பேனு வந்துச்சின்னு சொல்லேன்.”

“அது இன்னும் மானக்கேடு!”

தாய் தன் கொண்டையை அவிழ்த்தாள்.

“சரி, உனக்கு பதிலா நான் குடுக்கறேன். எனக்கு ஏது காலேஜு.”

“நைனா திட்டுவாரும்மா.”

“திட்டிட்டுப் போறாரு.”

மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு தாய் சிரித்தபடி வந்தாள். மகள் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அம்மா, ரயிலேத்த ஸ்டேஷனுக்கு வராதே. கூட படிக்கறவங்க வருவாங்க.”

“ஆங், வரல” என்று தாய் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள்.

என்னால் என் அம்மாவின் பக்கம் திரும்ப முடியவில்லை. எனக்குப் பதிலாக முடி கொடுக்க அவளும் கூந்தலை அவிழ்த்து நின்றிருந்தாள். அப்படிச் செய்யச் சொன்னவள் நான்தான்.

நாவிதர் கூப்பிட்டார். அம்மா அடியெடுத்து வைப்பதற்குள் நான் போய்ப் பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துவிட்டேன்.