டிரம் நின்றதும் கதவைத் திறக்கவும்

உங்கள் அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, ஐயா. "முன் அனுமதி பெறப்பட்டாலன்றி உள்நுழைதல் தவிர்க்கப்பட வேண்டியதாகும்" என்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம், "தம்பி, இதுக்கு உள்ள போகலாம்னு அர்த்தமா, போகக் கூடாதுன்னு அர்த்தமா?" என்று கேட்டார். "கேட்டுட்டுப் போகலாம்" என்றேன். அதையே எழுதி ஒட்டியிருந்தால் அவர் என்னைக் கேட்டிருக்க மாட்டார்.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். பழக்கதோஷம். தெளிவாக எழுதுவதுதான் என் பிழைப்பு. சலவை ஆலையில் அறிவிப்பு, கடிதம், விளம்பரம் எல்லாம் என் கையால்தான் வெளியே போகும். அதற்கு முன் கல்லூரியில் ஒரு சுவரேடு நடத்தினேன். எங்கள் முதல்வர், "விடுதி மாணாக்கர்தம் நலனைக் கருத்திற்கொண்டு நீர் விநியோகம் முறைப்படுத்தப்படவிருக்கிறது" என்று சுற்றறிக்கை விடுவார். அதை அப்படியே ஒட்டி, கீழே "தமிழில்: நாளை தண்ணீர் வராது" என்று எழுதுவேன். பையன்கள் கீழே இருப்பதை மட்டும் படித்துவிட்டு வாளியோடு ஓடுவார்கள். முதல்வர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத் திமிர்" என்றார். அவர் சொன்னதில் உரை தேவைப்படாத ஒரே வாக்கியம் அதுதான்.

எனக்கு ஓர் உரைகல் இருந்தது. அக்கா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னைப் படிக்கவைக்கத் தன் படிப்பைப் பாதியில் நிறுத்தியவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். வலது ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போவாள், உதடும் கூடவே அசையும். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே என் வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம். விரல் நிற்காமல் போய் முற்றுப்புள்ளியைத் தொட்டுவிட்டால் அதை ஊருக்கே கொடுக்கலாம். அக்கா ஆலையில் துணி மடிக்கும் பகுதியில் இருந்தாள். மேனேஜரிடம் போய், "என் தம்பி எழுதினா எனக்கே புரியும் சார்" என்று சொல்லி எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். எனக்குக் கிடைத்த சிபாரிசுகளிலேயே உயர்ந்தது அது.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துவைத்துப் பிழியும் பெரிய இயந்திரம். மருத்துவமனை விரிப்புகளும் ஓட்டல் துண்டுகளும் அதில்தான் போகும். ஆலையில் அதற்குப் பெயர் மாமியார். போர்மேன் வைத்த பெயர். பிழிந்து முடித்ததும் டிரம் நிற்கும். அடங்கிவிட்டது என்று நினைப்போம். கொஞ்சம் பொறுத்து, சுவரில் ஒட்டிப்போன துணியை உதறிவிட, எதிர்ப்பக்கமாக மறுபடி ஒரு சுற்று சுற்றும். அதன் பிறகுதான் மேலே உள்ள மஞ்சள் விளக்கு அணையும். அதுவரை கதவு பூட்டிக்கிடக்க வேண்டும். அந்தப் பூட்டு கெட்டுப்போயிருந்தது. புதுசு வரும் வரும் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். வரும்வரை பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது.

அதை எழுதியவர் போர்மேன். அறிவிப்பு என்றால் அரசாங்க வாடை அடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. "மேற்படி டிரம்மானது நின்றுவிட்டதாகத் தோன்றினும், மஞ்சள் விளக்கு அணையப்பெறாத நிலையில், துணி உதறுதற்பொருட்டு மீளவும் சுழலக்கூடுமாதலால், பூட்டு பழுதுற்றுள்ள இக்காலத்தில் கதவைத் திறத்தல் ஆகாதென இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது." மூச்சு விடாமல் படிக்க நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்கும் முன் எல்லோரும் இயந்திரத்தின் முன் நின்று அறிவிப்பைச் சேர்ந்து படிக்க வேண்டும். போர்மேனுடைய அறிவிப்பை யாராலும் சேர்ந்து படிக்க முடிந்ததில்லை. 'தோன்றினும்' வரைக்கும் ஒன்றாக வருவார்கள், 'அணையப்பெறாத'வில் ஆளுக்கு ஒரு பக்கம் சிதறிவிடுவார்கள். மடிக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். யாராவது ஒருத்தர், "அண்ணே, கடைசியில என்னதான் சொல்றீங்க?" என்று கேட்பார். அதற்காகவே காத்திருந்ததுபோல் போர்மேன் ஒரு பழைய விளக்குமாற்றை எடுப்பார். டிரம் நின்றதும் கதவைத் திறந்து அதன் குச்சியை உள்ளே நீட்டுவார். "மாமியார் அடங்கிட்டாங்களா? நல்லாப் பாத்துக்கங்க." முன்வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். டிரம் சட்டென்று ஒரு சுற்று சுற்றும். குச்சி படாரென்று முறியும். "இதைத்தான் சொல்றேன்." தினமும் இதுதான். ஆலையில் விளக்குமாறு தங்கியதே இல்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஓட்டல்காரங்க சுத்திப் பாக்க வர்றாங்க. இந்தக் கல்வெட்டை எடுத்துட்டு மனுஷன் படிக்கிற மாதிரி ஒண்ணு எழுது" என்றார். எழுதுவதற்கு முன் இயந்திரத்தைப் பார்க்கப் போனேன். முறைப்படிதான் செய்தேன், அதில் குறை இல்லை. போர்மேன் எனக்கும் விளக்குமாற்று வித்தை காட்டினார். டிரம் சுற்றியபோது நான் பின்னால் துள்ளி, ஈர விரிப்புக் குவியலில் மல்லாந்து விழுந்தேன்.

"பரவால்ல, கொஞ்சம் நனையட்டும்" என்றார் போர்மேன். "காஞ்ச பேனாவா இருந்தா எழுத்து வராது."

மடிக்கும் பகுதி முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து ஆலையில் எனக்குப் பேர் நனைஞ்ச பேனா. வாட்ச்மேன்கூட, "நனைஞ்ச பேனா, உனக்குக் கடுதாசி வந்திருக்கு" என்பார். வீட்டுக்கு வந்தால் அக்கா, "டேய் நனைஞ்ச பேனா, சாப்பிட வாடா" என்பாள். ஒரு கல்லூரியையே நக்கலடித்தவன் நான். திருப்பி ஒருவர் அடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நன்றாக இல்லை.

அன்று சாயங்காலம் மூன்று வாக்கியங்கள் எழுதினேன். "டிரம் நின்றதும் திறக்காதீர்கள். அது மறுபடி சுற்றும். மஞ்சள் விளக்கு அணைந்த பிறகு திறங்கள்." மூன்றும் தெளிவாகத்தான் இருந்தன. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுருக்க வேண்டியிருந்தது, இடம் போதவில்லை என்றெல்லாம் நான் பின்னால் பலரிடம் சொன்னேன். இடம் தாராளமாக இருந்தது.

திரும்பப் படித்தபோது அதில் போர்மேனின் குரல் கேட்டது. மறுபடி சுற்றும் என்று படித்தால், 'எப்படிச் சுற்றும்?' என்று யாராவது கேட்பார்கள். அவர் விளக்குமாற்றை எடுப்பார். கூட்டம் சிரிக்கும். யாரும் எதையும் கேட்கத் தேவைப்படாத ஒரு வாக்கியம் எனக்கு வேண்டியிருந்தது. எழுதினேன்.

"டிரம் நின்றதும் கதவைத் திறக்கவும்."

சாப்பிடும்போது அக்காவிடம் கொடுத்தேன். விரல் எங்கும் நிற்கவில்லை.

"இதுல என்னடா இருக்கு? நின்னா திறக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"விளக்கு பத்தி போர்மேன் அண்ணன் என்னமோ சொல்வாரே. நாங்க மடிக்கிற ஆளுங்க, கடைசி வரிசை, எங்களுக்கு எங்க தெரியுது. அது வேணாமா?"

"வேணாம்க்கா."

"நீ படிச்சவன், உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

மேனேஜருக்கு வாக்கியம் மிகவும் பிடித்துப்போனது. "அப்போ காலையில அந்த விளக்குமாத்து நாடகம் இனிமே வேணாம்ல?" என்று கேட்டார். வேண்டாம் சார், படித்தாலே புரியும் என்றேன். போர்மேனுக்கு உத்தரவு போனது. அவர் என்னிடம் வந்து அறிவிப்பை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, என்னோடது புரியாததாலதான் எல்லாரும் வந்து கேட்டாங்க. இது ரொம்ப நல்லாப் புரியுதே" என்றார். அவர் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதற்குக் கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது.

மறுநாள் காலை எல்லோரும் ஒரே குரலில் படித்தார்கள். யாரும் சிதறவில்லை, சிரிக்கவில்லை, கேட்கவில்லை. படித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். போர்மேன் புது விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தார். பிறகு அதை வைத்துத் தரையைப் பெருக்கினார். நான் ஆலைக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இயந்திரத்தில் வழக்கமாக நிற்பவர் பழைய ஆள். அவருக்கு மாமியாரின் குணம் தெரியும், அறிவிப்பு தேவையில்லை. அதனால் சில காலம் ஒன்றும் ஆகவில்லை. நானும் அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பிறகு அவர் மகனுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டார். மடிக்கும் பகுதியில் இருந்து யாராவது ஒருத்தர் வாங்க என்றார் மேனேஜர். அக்கா கை தூக்கினாள். "எனக்கு அந்த போர்டு மனப்பாடம் சார், என் தம்பி எழுதினது" என்று சொன்னாளாம்.

டிரம் நின்றது. கதவைத் திறந்தாள்.

மீதியை மருத்துவமனை அறிக்கையில் படித்திருப்பீர்கள். நன்றாக எழுதப்பட்ட அறிக்கை. வலது கை, முழங்கைக்கு மேலே.

அவளுக்கு நினைவு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்றாள். அப்புறம், "போர்டுல இருந்த மாதிரிதான்டா செஞ்சேன். நின்ன பிறகுதான் திறந்தேன். சரியாத்தானே செஞ்சேன்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான், "விளக்கைப் பாத்திருக்கணும்க்கா" என்றேன்.

"ஆமாண்டா. அண்ணன் அப்பவே சொன்னாரு. என் புத்திதான் சரியில்ல" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் கையை நீட்டப் பார்த்தாள். நீட்டியது இல்லாத கையை.

இனி உங்கள் மேசையில் இருக்கும் தாளுக்கு வருகிறேன். போர்மேனின் ஒப்புதல். "புதிதாக வந்தவருக்கு இயந்திரத்தைச் செய்து காட்டுவது என் பொறுப்பு. நான் காட்டவில்லை. அதனால் அவர் கையை இழந்தார். தவறு என்னுடையது." நீங்கள்கூட, ஓர் ஆலைத் தொழிலாளி இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டீர்களாம். அதை வைத்து நாளைக்கு அவர்மேல் வழக்குப் போடப்போகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

அதை எழுதியது நான்தான், ஐயா.

அவரே என்னைத் தேடி வந்தார். மருத்துவமனை வாசலில். கண் வீங்கியிருந்தது. "தம்பி, உத்தரவாவது மண்ணாவது, நான் காட்டியிருக்கணும். புள்ளைய அங்க நிக்கவிட்டு நான் அந்தப் பக்கம் குழாய் பாத்துட்டு இருந்தேன். விபத்தை விசாரிக்கிற அதிகாரிக்கு எழுதிக் குடுக்கணும். நான் எழுதினா வளவளன்னு போயிடும், ஒருத்தருக்கும் புரியாது. நீ எழுதிக் குடு" என்றார். அவர் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மேற்படி உத்தரவின்படி, மேற்படி அறிவிப்பு மாற்றப்பட்டதன் பின்னர் என்று நீட்டி முழக்கிக்கொண்டு போவார். உங்களுக்குப் புரியாது. நீங்கள் கூப்பிட்டுக் கேட்பீர்கள். அவர் சொல்வார்.

அதனால் எழுதிக் கொடுத்தேன். யாரும் எதையும் கேட்கத் தேவைப்படாதபடி. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரொம்ப நன்றி தம்பி, மனசுல இருந்ததை அப்படியே எழுதிட்ட" என்றார்.

எது உன்னை இங்கே வரவைத்தது என்று கேட்டீர்கள். நேற்று அக்கா இடது கையால் செய்தித்தாளைப் பிடித்துப் படிக்கப் பார்த்தாள். தாளைப் பிடித்தால் வரியில் வைக்க விரல் இல்லை. வரியில் விரலை வைத்தால் தாள் மூடிக்கொள்கிறது. கொஞ்ச நேரம் போராடிவிட்டு, "போடா, எனக்கு இது சரிப்படாது. இனிமே எல்லாத்தையும் நீயே படிச்சுக் காட்டிடு" என்று சிரித்தாள். கையிலிருந்த தாளை வாங்கி வாசித்தேன். வானிலை. பாதியில் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

நடந்ததைச் சுருக்கமாக எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன்.

"டிரம் மறுபடி சுற்றும் என்று எனக்குத் தெரியும். போர்மேன் என்னைச் சிரிப்புக்கு ஆளாக்கினார் என்பதற்காக அதை எழுதாமல் விட்டேன். செய்து காட்டுவதை நிறுத்தச் சொன்னதும் நான். அக்கா கேட்டபோது அவளிடமும் மறைத்தேன். பழியைப் போர்மேன் வாயாலேயே ஏற்கவைத்தேன்."

கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். போர்மேனை விட்டுவிடுங்கள். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அக்காவிடம் யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம். மிக எளிமையாக எழுதிவிட்டேன், ஐயா. அவளுக்குப் புரிந்துவிடும்.