முன்னால் போகிறவள்

ஜன்னலைச் சாத்த வேண்டாம். காற்று எனக்குப் பழக்கம்தான். அதை முகத்தில் வாங்கித்தான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன்.

நீங்கள் சைக்கிள் பந்தயம் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ ஒருத்தி ஜெயிப்பது போலத் தெரியும். உண்மையில் அந்த ஒருத்திக்காக அணியில் மற்ற எல்லோரும் முன்னால் போய்க் காற்றைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அவள் பின்னாலேயே அலுங்காமல் குலுங்காமல் வந்து, கடைசி மேட்டில் எல்லோரையும் விட்டுவிட்டுப் பாய்ந்துவிடுவாள். எங்கள் அணியில் அப்படிப் பின்னால் வந்தவள் என் தங்கை. முன்னால் போனவள் நான்.

டயர் கம்பெனி முதலாளி ஒருவர் பெண்களுக்கென்று அணி தொடங்கியபோது எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார். ஆரம்பத்தில் எங்களைச் சீந்துவாரில்லை. ஓட்டை வேனில் சைக்கிளோடு சைக்கிளாக மடங்கிப் படுத்துப் போவோம். ஒரு ஊரில் கொடி அசைக்க வந்த பெரிய மனிதர் எங்களைப் பார்த்துவிட்டு, ஓட்டுகிறவர்கள் எப்போது வருவார்கள் என்று எங்களிடமே கேட்டார். பிறகு தங்கை ஜெயிக்க ஆரம்பித்தாள். வேன் போய் பஸ் வந்தது. சின்னப் பெண்கள் எங்கள் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு தெருவில் திரிந்தார்கள்.

நாட்டிலேயே பெரிய பந்தயம் அது. நானும் தங்கையும் மற்றவர்களை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். அன்று என் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. கடைசி இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் சக்கரம் பஞ்சர் ஆனது. பயிற்சியாளரின் கார் வெகுதூரம் பின்னால் இருந்தது; என் காதில் மாட்டியிருந்த ரேடியோவில் நிதானமாகத்தான் பேசினார்.

"உன் சக்கரத்தைக் கழட்டிக் கொடு."

கொடுத்தேன். அவள் போய் ஜெயித்தாள். நான் புல்தரையில் ஒற்றைச் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் என் காது கேட்கவே அவள் முதலாளியிடம் சொன்னாள்: "அக்கா எனக்காக ரொம்பப் பட்டுட்டா, சார். இனிமே அவ ஓட்ட வேணாம். உடம்பு நோகாத வேலையா ஏதாவது கொடுங்க."

எவ்வளவு இதமாகக் கழுத்தை அறுக்கிறாள், பாருங்கள். எனக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பும் வேலை கிடைத்தது. நான் முகம் சுளிக்கவில்லை. யாருக்கு உப்பு தூக்கலாக வேண்டும், யாருக்கு இனிப்பு ஆகாது என்று பார்த்துப் பார்த்துக் கலந்தேன். அடுத்த வருடம் தடைசெய்யப்பட்ட மருந்தையும் கலந்தேன். எல்லோருக்கும். தங்கைக்கு மட்டும் இல்லை.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்தோடு அவளும் மாட்டினால் ஊர் உச்சுக்கொட்டிவிட்டு மறந்துவிடும். எல்லோரும் மாட்டி அவள் மட்டும் சுத்தமாக நின்றால்தான் பேச்சு கிளம்பும்.

அணியிலேயே சின்னவளை நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோம். ஒரு நாள் காலையில் அவள் என்னிடம் வந்து, "அக்கா, நெஞ்சு ஒரு மாதிரி படபடன்னு அடிக்குது" என்றாள். ஓட்ட ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி பாட்டிலைக் கையில் கொடுத்தேன். அன்று அவளை உட்கார வைத்திருந்தால் டாக்டர் வந்திருப்பார், நான் நினைத்தது பாதியில் நின்றிருக்கும். மேட்டில் ஏறிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். எழுந்திருக்கவில்லை. நல்ல பெண்.

அதற்குப் பிறகு எல்லோரையும் சோதித்தார்கள். நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. அணிக்குத் தடை விழுந்தது. முதலாளி கையைக் கழுவிக்கொண்டார். எங்களுக்கு மருந்து கொடுத்து மாடாக்கி இழுக்கவிட்டு, தான் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்துகொண்டாள் என்று கூட ஓட்டிய பெண்களே தங்கையைத் தூற்றினார்கள். சிட்டுவின் அம்மா தங்கை வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். போக்கிடம் இல்லாமல் அவள் என் வீட்டுக்கு வந்தாள். நான்தான் தலை வாரிவிட்டேன், சோறு பிசைந்து கொடுத்தேன். அவள் நாளுக்கு நாள் துரும்பாகிக்கொண்டிருந்தாள். எனக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்தது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டுச் சொன்னாள்: "பாட்டில் எல்லாம் உன் கையிலதானே இருந்துச்சு, அக்கா. எனக்கு அன்னைக்கே தெரியும். இத்தனை வருஷம் நீ எனக்கு முன்னாடி போனே. இந்தத் தடவை நான் போறேன்."

கிளம்பிவிட்டாள். இந்த ஸ்டேஷனுக்கு வந்து, எல்லாவற்றையும் தானே செய்ததாக உங்களிடம் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள் என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டேன்.

அதனால்தான் வந்தேன். எனக்கு யார் மீதும் கோபம் இல்லை. உண்மை உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நினைத்தவள் நான், கலந்தவள் நான், சிட்டு கையில் கொடுத்தவள் நான். தங்கைக்கு அந்த மருந்தின் பெயர்கூடத் தெரியாது, கேட்டுப் பாருங்கள். இதையும் அவள் தட்டிக்கொண்டு போக நான் விடமாட்டேன்.

வாசலில் பத்திரிகைக்காரர்கள் நிற்கிறார்கள். படம் போடுவதாக இருந்தால் என்னுடையதை மட்டும் போடச் சொல்லுங்கள்.