மூன்று மீட்டர் வளைவு

இதில் நான் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் இரண்டு கண்களின் மேலும் சத்தியம் செய்கிறேன். இடது கண்ணில் புரை விழுந்து அவ்வளவாகத் தெரியாது. சத்தியத்தின் பாரம் பெரும்பாலும் வலது கண்ணின் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெருமுனையை யாரும் பார்ப்பதில்லை. வீடு வாங்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள், அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார்கள். தெரு திரும்புகிற இடத்தில் ஓரக்கல் எவ்வளவு வளைகிறது என்று குனிந்து பார்த்த ஒரு மனிதரையும் முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் நான் கண்டதில்லை. நான் பார்ப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

நகரசபையில் புதிய மனைப்பிரிவுகளின் தெருக்களுக்கு ஒப்புதல் தரும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தெரு எத்தனை அகலம், மழைநீர்க் கால்வாய் எவ்வளவு ஆழம், தாருக்கு அடியில் ஜல்லி எத்தனை அங்குலம் என்று எல்லாவற்றுக்கும் விதிப்புத்தகத்தில் அளவு உண்டு. தெருமுனை வளைவின் ஆரம் ஆறு மீட்டர். அந்த ஆறு மீட்டர் தீயணைப்பு வண்டிக்காக வைத்தது. அது நீளமான பிராணி. முன்சக்கரம் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு வரும். பின்சக்கரம் அவசரக்காரன் மாதிரி குறுக்கே வரும். அந்தக் குறுக்குக்கு இடம் விடவில்லையென்றால் வண்டி முனையிலேயே நின்றுவிடும்.

விசாரணை அறிக்கையின் வரைவை எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தீர்கள், நன்றி. அதில் நான்காம் பக்கத்தில், 'ஓட்டுநரின் திறமைக் குறைவால் வண்டி ஏழாம் தெருவுக்குள் நுழைய முடியாமல் போயிற்று' என்று இருக்கிறது. ஓட்டுநர் என் தம்பி. அந்தத் தீ விபத்தில் இறந்தவள் அவன் மனைவி. இந்த ஒரு வரியால் அவனுக்கு வேலை போகும், ஜெயிலும் கிடைக்கலாம் என்று சொல்கிறார்கள். அந்த வரி தப்பு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

என் தம்பியைப் போல வண்டி ஓட்டுகிறவன் இந்த ஊரில் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் சத்தியம் செய்துவிட்டேனே.

பதினாலு வருடத்துக்கு முன்னால், புதிய தெரு எதுவானாலும் தீயணைப்பு வண்டியையே வரவழைத்து, திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். அப்படி ஒரு சோதனைக்கு ஆணையரே வந்திருந்தார். நான் ஒப்புதலுக்கு வைத்திருந்த தெரு. வண்டியை ஓட்டி வந்தவன் தம்பி. முனைக்கு வந்தான், நிறுத்தினான், இறங்கினான். குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முனையைப் பார்த்தான்.

"அண்ணே, இது தெருவா ஊசிக்காதா? நூல் கோக்கணும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, வண்டிய நாக்குல நனைச்சுக் கொண்டாந்திருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அளந்து பார்த்ததில் வளைவு அரை மீட்டர் குறைவு. கொத்தனாரின் பிழை, என் மேற்பார்வை. மறுநாளிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் ஊசிக்காது. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, என்னிடம் ஸ்கேல் பிடிக்கக் கற்றவனுக்குப் போயிற்று. என் வழியனுப்பு விழா வரைக்கும் அவனை நான் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன்.

இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்கள் பதினேழு பேர் என்பதும், தம்பி நீலக் கைக்குட்டை வைத்திருந்தான் என்பதும் தற்செயலாக நினைவில் இருக்கின்றன.

அதன் பிறகு, அவசர வண்டியைச் சோதனைக்கு இழுத்தடிப்பது பொதுமக்களுக்கு ஆபத்து என்று ஒரு குறிப்பு எழுதினேன். நியாயமான குறிப்பு. ஏற்றுக்கொண்டார்கள். தீயணைப்பு வண்டிக்குப் பதில் எங்கள் ஜீப்பை ஓட்டிப் பார்த்தோம். ஜீப் படுத்துக்கொண்டபோது அதன் டிரைவரின் ஸ்கூட்டரை ஓட்டிப் பார்த்தோம். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் தர முடியாது என்று கணக்குப் பிரிவு சொன்னபோது, டிரைவரையே நடக்கவிட்டோம். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஹாரன் என்றால் எல்லாருக்கும் தெரியும். இரண்டு கையையும் அகல விரித்து, வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு முனையைச் சுற்றி நடப்பார். பின்னால் கடைநிலை ஊழியர் ஒருவர் அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரமாக வருவார். நான் பதிவேட்டில் 'வாகனம் தடையின்றித் திரும்பியது' என்று எழுதுவேன். ஒன்பது வருடம் இப்படித்தான் இந்த ஊரில் தெருக்கள் பாஸாயின. தணிக்கைக்கு வந்தவர்கள் பதிவேடு சுத்தமாக இருப்பதாகப் பாராட்டு எழுதிவிட்டுப் போனார்கள்.

பிறகு தம்பி வீடு கட்ட இடம் தேடினான். என்னிடம்தான் வந்தான். வேறு யாரிடம் போவான்?

"அண்ணே, நீ பாத்து பாஸ் பண்ற எடத்துல ஒண்ணு சொல்லு. உன் கை பட்டா தப்பு இருக்காது."

இதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் மறந்துவிட்டிருந்தான். ஒருவனை ஊர் சிரிக்கப் பேசிவிட்டு, பேசினவன் மறந்துவிடுகிறான் பாருங்கள், அதைவிடப் பெரிய அவமானம் எனக்குத் தெரிந்து கிடையாது.

ஏழாம் தெருவைச் சொன்னேன். முட்டுத் தெரு, ஒரு பக்கம்தான் வழி. கடைசி மனை. அமைதியான இடம், வண்டித் தொந்தரவு இருக்காது என்றேன். வாங்கினான்.

அவன் பத்திரம் பதிந்த மறுவாரம் அந்த மனைப்பிரிவின் வரைபடக்காரரை அழைத்தேன். மொத்தம் பன்னிரண்டு முனைகள், பன்னிரண்டிலும் ஆறு மீட்டர் போட்டிருந்தார். ஏழாம் தெரு முனையை மட்டும் மூன்றாக்கச் சொன்னேன்.

"சார், மத்ததெல்லாம் ஆறு இருக்கே. இது மட்டும் ஏன்?" என்றார்.

காரணம் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். வளைவு பெரிதாக இருந்தால் கார்க்காரன் வேகத்தைக் குறைக்காமலே திரும்புகிறான். வளைவு சிறியதென்றால் பிரேக்கை மிதித்தே ஆகவேண்டும். தெருவில் விளையாடும் பிள்ளைகள் பிழைப்பார்கள். இது நான் கண்டுபிடித்ததில்லை, படித்த எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார். பாதசாரிகளின் பாதுகாப்புக்காகப் பொறியாளர் அளவைக் குறைக்கலாம் என்று விதிப்புத்தகத்தில் அடிக்குறிப்பே இருக்கிறது. அதை எழுதியவனும் நான்தான். பன்னிரண்டில் ஒன்றை மட்டும் ஏன் என்று கேட்டால், ஊருக்கு உபதேசம் செய்கிறவன் முதலில் தன் குடும்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஓரக்கல் பதித்த பிறகு, லாரிகள் முனையில் ஏறிக் குறுக்கே போகாமலிருக்க நான்கு கல்தூண்கள் நடச் சொன்னேன். மூன்றடி உயரம், பூமிக்குள் நாலடி. கால்வாயையும் இரு பக்கமும் கொஞ்சம் ஆழமாக்கினேன், மழைக்காலத்தில் பிள்ளைகள் தண்ணீரில் நிற்கக்கூடாதே. ஹாரன் வழக்கம்போலக் கையை விரித்துக்கொண்டு நடந்தார். முனையில் இடுப்பு தூணில் இடித்தது. வாயால் அடித்துக்கொண்டிருந்த ஹாரனை நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"சார், வெறும் ஆளு எனக்கே இடுப்பு புடிச்சுக்கிச்சு. அம்மாம்பெரிய வண்டி என்ன சார் பண்ணும்?"

'வாகனம் தடையின்றித் திரும்பியது' என்று எழுதினேன். கையெழுத்து என்னுடையதுதான், நிபுணரிடம் அனுப்பிச் சிரமப்பட வேண்டாம்.

வீடு கட்டிக் குடிவந்த பிறகு தம்பி தினமும் சைக்கிளில்தான் போய்வந்தான், அதனால் முனை அவனை உறுத்தவில்லை. ஒரு முறைதான் தூணைக் காலால் தட்டிக்கொண்டு கேட்டான்.

"யாருக்குண்ணே இந்தக் கல்லு?"

"பிள்ளைங்களுக்கு" என்றேன். தெருவை ஒரு முறை நீளமாகப் பார்த்தான். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

ஓய்வு பெற்றதும் காலையில் எனக்கு நடைப்பயிற்சி. என் வீட்டிலிருந்து ஏழாம் தெரு முனை மூன்று கிலோமீட்டர். தூண் ஒன்றில் உட்கார்ந்து இளைப்பாறுவேன். பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்ப்பேன். கார்கள் முனையில் பெட்டிப் பாம்பாக அடங்கித் திரும்புவதைப் பார்ப்பேன். தாய்மார்கள் வந்து கும்பிட்டிருக்கிறார்கள். ஒரு பெண்மணி தன் மகனுக்கு என் பெயரையே வைக்கப்போவதாகச் சொன்னார்.

தம்பி மனைவி நல்லவள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் முனையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் டம்ளரில் டீயோடு அவ்வளவு தூரம் நடந்து வருவாள்.

"உள்ள வந்து உக்காருங்க மாமா. எல்லாரும் வீட்டப் பாக்க வருவாங்க, நீங்க தெருமுனையப் பாக்க வர்றீங்க" என்று சிரிப்பாள். "எனக்கும் பேச ஆளே இல்ல மாமா இங்க."

பெண்கள் எந்தத் தெருவிலும் இதைத்தான் சொல்வார்கள். நான் உள்ளே போனதில்லை. ஆனால் டீ நன்றாக இருக்கும்.

போன மாதம் அவள் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். அந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் தூணில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்த நேரம். சமையலறை ஜன்னலிலிருந்து புகை வந்தது. குளிர்பதனப் பெட்டியின் ஒயர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், சரியாக இருக்கலாம். நான் எழுந்து போகவில்லை. இருநூற்று நாற்பது மீட்டர். என் முழங்கால் அப்படி. மற்ற வீடுகளிலிருந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தக் காலத்து மனிதர்கள் அப்படித்தான்.

அவளே படுக்கையிலிருந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்திருக்கிறாள். எடுத்தவன் தம்பி. ஆறு நிமிடத்தில் வந்தான். பகலில், அந்தப் போக்குவரத்தில், ஆறு நிமிடம். திறமைக் குறைவு என்று எழுதுகிறீர்களே.

அவன் திரும்பிய விதத்தை அருகிலிருந்து பார்த்தவன் நான். முதல் தடவை அகலமாக எடுத்து வந்தான். பின்சக்கரம் முதல் தூணில் முட்டியது. பின்னால் எடுத்து, எதிர்ப்பக்க ஓரக்கல்லை உரசிக்கொண்டு மறுபடி வந்தான். கால்வாய் விளிம்பு வரை சக்கரம் போயிற்று. ஒரு சாண் தள்ளியிருந்தால் கவிழ்ந்திருப்பான், தள்ளவில்லை. மூன்றாம் முறை தூணையே இடித்துச் சாய்க்கப் பார்த்தான். நாலடி ஆழம் என்று சொன்னேன் அல்லவா, அது அசையவில்லை. வண்டி மாட்டிக்கொண்டது. அப்போதுதான் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான்.

"அண்ணே, எந்தப் பக்கம் விடுறது? நீதானண்ணே போட்ட, சொல்லுண்ணே!"

எந்தப் பக்கமும் விட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வண்டியிலிருந்தது பத்துச் சுருள், வீடு வரை போகப் பன்னிரண்டு வேண்டும். தண்ணீர் வாசலுக்கு நாற்பதடி முன்னால் விழுந்தது. தம்பி குழாயைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். அவனை இரண்டு பேர் இழுத்து வந்தார்கள். அவளைக் கொண்டுவரக் கூரை ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் இரண்டு கையிலும் கட்டோடு அவன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்: "அண்ணே, தெரிஞ்சா செஞ்ச?" நான் வயதானவன், காது மந்தம் என்பதுபோல இருந்துவிட்டேன். அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். தெரிந்துதான் செய்தேன். வீடு எரியும் என்று எனக்குத் தெரியாது. எரிந்தால் அவன் வண்டி வராது என்று தெரியும். அவன் அந்த முனையில் என்றாவது ஒரு நாள், நாலு பேர் பார்க்க, திரும்ப முடியாமல் நிற்கவேண்டும் என்று மட்டும்தான் விரும்பினேன். அன்றைக்குப் பார்க்க நாலு பேர்கூட இல்லை. அது எனக்கு வருத்தம்தான்.

ஆகவே நான்காம் பக்கத்தைத் திருத்துங்கள். எந்த ஓட்டுநராலும் அங்கே திரும்ப முடியாது. அவ்வளவு கவனமாகச் செய்த வேலை அது. அதைப் போய் அவனுடைய பிழை என்று எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. மற்றபடி என் மனசாட்சி தெளிவாகவே இருக்கிறது. ஒரு உயிர் போயிற்று, ஒப்புக்கொள்கிறேன். அந்த வளைவால் எத்தனை பிள்ளைகள் பிழைத்தார்கள் என்பதையும் தராசின் மறுதட்டில் வையுங்கள்.

வரைவோடு அனுப்பிய படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஏழாம் தெருவின் விவரம் கேட்டிருக்கிறீர்கள். மனைகள் முப்பத்திரண்டு. இதுவரை கட்டப்பட்ட வீடு ஒன்று, என் தம்பியுடையது. அவர்களுக்குக் குழந்தை இல்லை.