மங்காத லாந்தர்

இரவில் கடலில் நிற்கும் படகில் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. அது எப்படி அணைய வேண்டும் என்று விதியில் இல்லை.

காசிமேட்டில் ஏறிய இருவர் பேருந்தில் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் பழைய லாந்தர்.

"நான்தான் மாமு இத்த சார்ஜ் லைட்டா மாத்தினேன். பேட்டரிக் கட்டை வாங்கி மாளலன்னு மச்சான் கேட்டான்."

"நல்லதுதானே பண்ணே."

"கட்டைன்னா மெதுவா மங்கும். மஞ்சளானா கரைக்குத் திரும்பிடுவான். இது கடேசி வரைக்கும் பளிச்சுனு எரிஞ்சி பொசுக்குனு நின்னுடும்னு எனக்கே தெரியாது. லைட்டு நல்லா கீதுன்னு வலைய இழுத்துகினு இருந்தானாம். லைட்டு நின்னுபோன இருட்டுல விசைப்படகு வந்து இடிச்சி கடல்ல வுழுந்துட்டான். கூடப் போனவனும் படகும்தான் வந்துச்சி."

"இப்போ எங்க எத்துனு போறே?"

"மீன்துறை ஆபீசுக்கு. தங்கச்சி உதவித்தொகை கேட்டு எழுதினா. படகுல எரியுற லைட்டு இருந்தாதான் பணமாம், எடுத்தாந்து காட்டணும்னு பதில் போட்டுகிறாங்க."

"எரியுதா?"

அவர் பொத்தானை அழுத்தினார். பகலிலும் கண் கூசியது.

"அப்போ கெடச்சிடும்."

"கெடைக்கும்."

"அந்தப் பதில் எப்போ வந்துச்சி?"

"மச்சானோட மொத வருசப் பூசை அன்னிக்கு. எல்லாரும் கோயில்ல நிக்கசொல்ல, தபால்காரர் வூட்டு வாசல்ல வச்சிட்டுப் போயிருந்தாரு."