பாட்டுக்கு அடியில் ஓடும் மூச்சு

டாக்குரியாவில் ரயில் பாதையை ஒட்டி ஒலிப்பதிவுக்கு அறை எடுக்காதே என்று எல்லோரும்தான் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் பாடகர் நின்று பாடும் உள்ளறையின் கதவு ஆடித் தானாகத் திறந்துகொள்ளும். அதனால் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். சார், நீங்கள் முதலில் கேட்டது அதைத்தானே. தாழ்ப்பாள் ரயிலுக்காகப் போட்டது. தமிழ் தெரிந்தவர் வர நேரமாகும் என்றீர்கள். அதுவரை என் வாக்குமூலத்தை நானே எழுதுகிறேன்.

சாவி, சில்லறை, போன் என்று சத்தம் போடும் எதுவும் உள்ளே போகக் கூடாது. எல்லாம் வெளியே ஒரு ரசகுல்லா டப்பாவில் கிடக்கும். எங்கள் பாடகன் முகுந்தின் இன்ஹேலரும் அதில்தான். சட்டைப்பையில் இருந்தால் கடகடக்கும் என்று அவனே எடுத்துப் போட்டுவிடுவான். ஒன்பது வருடத்துக்கு முன்பு, அந்த ஞாயிறு மத்தியானமும் போட்டான்.

எங்கள் இசைக்குழுவில் மூன்றே பேர். முகுந்த் பாடுவான், அவன் தங்கை ரோஹிணி டிரம்ஸ். ஸ்ரீநிவாஸ் என்கிற நான் கிடாரும் ஒலிப்பதிவும். அன்று ரோஹிணி வரவில்லை. உள்ளே போகுமுன் முகுந்த் சொன்னான்: "சீனு, இதுதான்டா எனக்குக் கடைசிப் பாட்டு. பெங்களூர்ல வேலை கெடச்சுடுத்து. நீ வேற ஆளைப் பாத்துக்கோ."

ஆறு வருடம் அவன் குரலுக்காகவே மெட்டுப் போட்டவனிடம் சொல்கிற பேச்சா இது? வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தாழிட்டேன்.

பாதிப் பாட்டில் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கண்ணாடியைத் தட்டி டப்பாவைக் காட்டினான். அது என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றவில்லை, பதிவையும் நிறுத்தவில்லை. ஒரு ரயில் போனது. பிறகு இன்னொன்று. எல்லாம் அடங்கியபின் கதவைத் திறந்து, இன்ஹேலரை அவன் கையில் வைத்தேன். ஆஸ்துமா என்றார் டாக்டர். பொய்யில்லை.

அத்தோடு குழு ஓய்ந்தது. மூச்சு மட்டும் ஒன்பது வருடமாக ஓயவில்லை. தலையணையில் கேட்டது, மின்விசிறியில் கேட்டது, பல் தேய்க்கும்போது கேட்டது. பயந்துபோனேன், மறைப்பானேன். நாலு பேர் கேட்டால் என்னை விட்டுவிடும் என்று தோன்றியது. முகுந்தின் பழைய குரலில் புதுப் பாட்டு என்றதும் ரோஹிணி அழுதுகொண்டே வாசித்துக் கொடுத்தாள். வெளியிடுவதற்கு முன், அவளுக்குத் தெரியாமல், அன்று பதிவான நாலு நிமிட மூச்சைப் பாட்டுக்கு அடியில் ஓடவிட்டேன். லட்சம் பேர் கேட்டார்கள். என்னவோ உலுக்குகிறது என்று எழுதினார்கள்.

ரோஹிணியும் கேட்டாள். இங்கேயே வளர்ந்தவள், பெங்காலிகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை 'தா' என்பாள். "சீனுதா, இது பாடறதுக்கு எடுக்கற மூச்சில்லை. அண்ணாவுக்கு இழுக்கறச்சே பக்கத்துல உக்காந்திருந்தவ நான். பின்னாடி ரெண்டு ரயில் போறது. ரெண்டு ரயில் போற வரைக்கும் நீ என்ன பண்ணிண்டிருந்தே?"

கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் நான் செய்தது. கொன்றாயா என்றால், ஆமாம், கொன்றேன், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். முகுந்த் குழுவை விட்டுப் போக இருந்தான் என்று ரோஹிணி சொல்லியிருப்பாள். அவன் எங்கேயும் போகவில்லை. இதோ, இந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். அடுத்த பாட்டுக்கு மூச்சு எடுத்துக்கொண்டிருக்கிறான்.