பொனற்றில் வைத்த பொட்டு

"ஹலோ... ஹலோ, தம்பி யூட்சனோ? ... நான் இராஜரட்ணம் கதைக்கிறன், அப்பான்ரை சிநேகிதன்... ஓம், ஓம், அஜின்கோர்ட் அங்கிள்தான்... சுகத்தை விடும், அதைப் பேந்து கதைப்பம். நீர் கார் மினுக்கிற கடைதானே வைச்சிருக்கிறீர்? ... அப்ப சொல்லும். பொலிஷோ, வக்ஸோ, சீலன்ற்றோ? மூண்டும் வாங்கி வைச்சிருக்கிறன். எது நல்லது?"

மூன்று போத்தல்களும் வாசற்படியில் வரிசையாக நின்றன. இராஜரட்ணத்தின் கையில் இருந்தது கிழிந்த பெனியன் ஒன்று. எதிரே, வீட்டு முற்றத்து ஓகஸ்ட் வெயிலில், அவர் மகள் சாம்பவியின் புது வெள்ளைக் கார். அதை நேராகப் பார்க்க மனம் வராமல் அவர் பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தபடி பேசினார்.

"... என்ன நடந்தது எண்டு ஏன் கேக்கிறீர்? எது நல்லது எண்டு மட்டும் சொன்னால் காணும்... சரி. சரி, சொல்லுறன். காரின்ரை முன்மூடியிலை, பொனற்றிலை, ஒரு சின்னக் கறை... இல்லை, குருவி எச்சம் இல்லை... தாரும் இல்லை... குங்குமம்."

கோயில் குங்குமமோ என்று கேட்டுவிட்டு யூட்சன் சிரித்தான்.

"... ஓம், கோயில் குங்குமம். கீழை சந்தனம், மஞ்சள். வெள்ளிக்கிழமை பூசை செய்விச்சனான்... சிரியாதையும் தம்பி. உங்கட ஆக்களுக்குச் சுகம். பாதர் தண்ணியைத் தெளிப்பார், காயும், அலுவல் முடிஞ்சுது... சீச்சீ, ஐயரிலை பிழை சொல்லேலாது. மனுசன் கண்ணாடியிலை வைப்பம் எண்டுதான் சொன்னவர். நான்தான் பொனற்றிலை வடிவா அப்புங்கோ எண்டனான்."

கார் ஓட்டம் பழக ஆரம்பித்த நாளிலிருந்தே அவருக்கு நெடுஞ்சாலை என்றால் பயம். சாம்பவி வேலைக்கு ஒவ்வொரு நாளும் 401 நெடுஞ்சாலையில் போய் வந்தாள். பூசை காணாத வாகனம் அந்தப் பாரவண்டிகளுக்கு நடுவே ஓடுகிறது என்ற நினைப்பு அவரைச் சாப்பிடவிடவில்லை. வேலைப் பயிற்சிக்காகக் கல்கரிக்குப் புறப்பட்டபோது அவள் காரின் திறப்பை அவரிடம் நீட்டி, கோயிலுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவள் ஏறிய விமானம் கல்கரி போய்ச் சேருமுன் அவரும் காரும் கோயில் வாசலில் நின்றார்கள்.

"... துடைக்கிறதோ? சுவாமி பேரிலை வைச்ச பொட்டை ஆரும் கையாலை அழிப்பினமோ? தானா உதிரட்டும் எண்டு விட்டனான்... ஓம், இந்த வெயிலுக்கைதான். வேறை எங்கை விட? கராச்சுக்குள்ளை குணவதி அன்ரியின்ரை பழைய சோபாவெல்லாம் கிடக்குது... நேற்றுக் காலமைதான் கழுவினனான். சந்தனம் போட்டுது. மஞ்சளும் கொஞ்சம் போட்டுது. குங்குமம் மட்டும் போகேல்லை... கோப்பை கழுவிற சவுக்காரம் போட்டு... ஓம்... துணியாலை இல்லை..."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சட்டி உரஞ்சிற பச்சைப் பஞ்சு... தம்பி? ... தம்பி, நிக்கிறீரோ? ... வைச்சிட்டீராக்கும் எண்டு நினைச்சன்... ஓம், வடிவாத்தான் உரஞ்சினன். முழங்கையளவு இடம் பனிப்புகார் படிஞ்ச மாதிரிப் போச்சு. கிட்டப்போய்ப் பாத்தால் கீறல். நடுவிலை பொட்டு அப்பிடியே இருக்குது."

உள்ளே யன்னல் திரை அசைந்தது. மனைவி குணவதி முகத்தைக் காட்டி, கடிகாரம் கட்டும் இடத்தில் விரலால் தட்டிக் காட்டிவிட்டு மறைந்தாள். காலையிலிருந்து அவள் வெளியே வரவில்லை. தனக்கு இதில் பங்கில்லை என்பதை அவள் திரைக்குப் பின்னால் நின்றே தெரியப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"... கேளும் தம்பி, இன்னும் முடியேல்லை. பின்னேரம் வக்ஸ் பூசினன்... ஓம், பூசினவுடனை கீறல் ஒண்டும் தெரியேல்லை. சும்மா கண்ணாடி மாதிரி. அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டினன்... விடிய எழும்பிப் பாத்தால் எல்லாக் கீறலும் திரும்பி வந்து நிக்குது... அப்ப, வக்ஸ் கீறலை நிரப்பிக் காட்டுமே ஒழிய எடுக்காதோ? ... அதை ஆர் எனக்குச் சொன்னது? போத்தலிலை சிரிச்சுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் நிக்கிறான், அவ்வளவுதான்."

"... ஓம், பிறகு குலசிங்கத்தாரைக் கேட்டன். தெரியும்தானே, பழைய வேலையிடத்து ஆள். அவர் சீலன்ற் அடியும், அடிச்சால் மாதக்கணக்கிலை அசையாது எண்டார்... இண்டைக்குக் காலமை... ரெண்டு தரம்... என்ன அசையாது? ... கறை அசையாதோ?"

இராஜரட்ணம் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் சுட்டது. எழும்பவில்லை.

"ஓம்... ஓம்... விளங்குது. பொலிஷ் எண்டால் மேல்தோலை மெல்லிசாச் சீவிறது. கறையும் கீறலும் அதோடை போகும்... ஓம்... வக்ஸ் எண்டால் மேலாலை பூசி மினுக்கம் குடுக்கிறது. சீலன்ற் எண்டால் இன்னும் இறுக்கமா மூடிறது... அப்ப முதல் பொலிஷ், பிறகுதான் மற்ற ரெண்டிலை ஒண்டு. நான் கடைசியாச் செய்யவேண்டினதை முதல் செய்து, பொட்டையும் கீறலையும் உள்ளுக்கை வைச்சு மூடிப் போட்டன். அப்பிடித்தானே? ... ஓம், நீர் அப்பிடிச் சொல்லேல்லை. நான் சொல்லுறன்."

"... நீர் ஒருக்கா வந்து பாக்கேலாதோ? மெசின் கொண்டந்து... எங்கை நிக்கிறீர், ரெக்ஸ்டேலிலையோ? ... எத்தினை கார்? ... இல்லை, இல்லை, ஆக்களைக் காக்க வைச்சிட்டு வரேலாதுதான்... நாளைக்குக் காலமை எண்டால் சரிவராது தம்பி. அவள் இறங்கிட்டாள். பெட்டி எடுக்க நிக்கிறன் எண்டு மெசேச் வந்து எவ்வளவோ நேரம். ஊபரிலை வாறாள்."

யூட்சன் நெடுநேரம் ஏதோ சொன்னான். இராஜரட்ணம் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை கண்களை மூடித் திறந்தார்.

"... சொல்லலாம். நீர் சொல்லுறது சரி. கார்தானே, நானே சொல்லலாம்... ஏன் ஏலாது எண்டால்... உமக்கு எங்கட வீட்டுக் கதை தெரியாதோ? அப்பா சொல்லேல்லையோ?"

இரண்டு வருடத்துக்கு முன் சாம்பவிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. இராஜரட்ணம் அதை மகளிடம் நேரில் கேட்கவில்லை. குலசிங்கத்தை அனுப்பிக் கேட்டார். அவள் மறுத்தாள் என்று கேள்விப்பட்டு யூட்சனின் தகப்பன் எட்வேட்டை அனுப்பினார். பிறகு கோபம் வந்தது. அதையும் குணவதி மூலம்தான் சொல்லியனுப்பினார். மாப்பிள்ளை வேண்டாம் என்பது சிறிய விசயம், உங்களோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஊராரிடம் உங்கள் பேச்சைக் கேட்க என்னால் முடியாது என்று எழுதி வைத்துவிட்டு அவள் டோர்செட் பார்க்கில் அடுக்குமாடி வீடொன்று எடுத்துப் போனாள். இந்த வசந்தத்தில்தான் திரும்பி வந்தாள். இன்னும் பாதிப் பெட்டிகளை அவிழ்க்கவில்லை.

"அதாலை சொல்லுறன் தம்பி. நான் வாயைத் திறந்தால் கோயிலுக்குப் போனதும் வரும். சொன்ன சொல்லை மீறினதும் வரும். இந்த முறை போனாள் எண்டால் அவள்... ஓம்... ஓம். ஒண்டு செய்வீரோ? நீர் அவளுக்குப் போனிலை ஒரு கோல் எடும். கார்க்கடைக்காரர் எண்டு சொல்லும். இந்த மொடல் வெள்ளைக்கு இப்பிடி ஒரு சிவப்புப் பூக்கிறது எண்டு, கொம்பனிப் பிழை எண்டு... ஓம், பொய்தான்... உம்மைக் கெடுக்க நினைக்கேல்லை... சரி. சரி, கேக்கேல்லை எண்டு வையும்."

அவர் எழுந்து காரடிக்குப் போனார். பொட்டு முன்னிலும் சிவப்பாகத் தெரிந்தது. சீலன்ற்றின் மினுக்கம் அதற்கு ஒரு கண்ணாடி போட்டுக் காட்டியது. சுற்றிலும் பச்சைப் பஞ்சின் வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று.

"அப்ப கையாலை ஏதும் செய்யேலாதோ? கொஞ்சமெண்டாலும்? ... ஓம், இருக்குது, காயத்துக்குப் போடுற ஸ்பிரிட்... அதாலை முதல் சீலன்ற்றைத் துடைக்கிறதோ? சரி, நில்லும்... குணவதி, அந்த ஸ்பிரிட் போத்தலை ஒருக்கா எறியும்... எறியாதையும், கொண்டாரும்."

போத்தல் கதவிடுக்கால் வந்து படியில் இருந்தது. கை மட்டும் தெரிந்தது. இராஜரட்ணம் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு துடைத்தார்.

"துடைச்சிட்டன்... ஓம், மினுக்கம் குறைஞ்சிட்டுது... இப்ப பொலிஷ். எவ்வளவு? ... பயறளவு... நிழலிலைதான் செய்யவேணுமோ? நிழலுக்கு நான் எங்கை போறது, நானே குனிஞ்சு நிழல் பிடிக்கிறன்... ஓம், மெல்லமா... வட்டம் வட்டமா... இல்லை, அழுத்தேல்லை."

பெனியனில் இளஞ்சிவப்பு ஏறியது. அவருக்கு மூச்சு வந்தது.

"தம்பி, வருது. துணியிலை வருது... ஓம், சிவப்பு... கீறலும் மெலிஞ்ச மாதிரி... நிப்பாட்டவோ? ஏன் நிப்பாட்ட? ... அரைவாசிதான் போயிருக்குது... ஓம், பச்சைப் பஞ்சு ஏற்கெனவே தின்ற இடம்தான், தெரியும்... இன்னும் ஒருக்கா. ஒரேயொருக்கா தம்பி."

யூட்சன் நிறுத்தச் சொன்னதை அவர் காது கேட்டது. கை கேட்கவில்லை. பயறளவு, கடலையளவு ஆனது. பிறகு அவர் அளக்கவில்லை. தோள் வலிக்க வலிக்க ஒரே இடத்தில் அழுத்தினார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து பொனற்றில் சொட்டியது. அதையும் சேர்த்துத் தேய்த்தார்.

"... போச்சு. தம்பி, பொட்டுப் போச்சு. முழுக்கப் போச்சு... ஓம், நிப்பாட்டிட்டன்... துடைச்சுப் பாக்கிறன்... இப்ப... இப்ப என்னெண்டால்... அந்த இடம் மினுங்கேல்லை."

அவர் குனிந்து, தலையைச் சரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். காரெங்கும் வானம் தெரிந்தது. பொட்டு இருந்த இடத்தில் மட்டும் தெரியவில்லை. சுண்ணாம்பு பூசின சுவர்போல அது வெளிறிக் கிடந்தது.

"... திரும்பத் துடைச்சும் பாத்தன். சோக்கட்டி மாதிரி இருக்குது... தடவினால் சொரசொரக்குது... வக்ஸ் பூசினால்? ... சீலன்ற்? ... ஒண்டும் பிடிக்காதோ? ... ஓம்... மேல்தோல் போட்டுது எண்டுறீர்... பொனற் முழுக்கத் திரும்ப பெயின்ற் அடிக்கவேணும். ஓம். வேறை வழி இல்லையோ? ... இல்லை, நீர் சொன்னனீர்தான். நிப்பாட்டச் சொன்னனீர். உம்மிலை பிழை இல்லை."

தெருமுனையில் ஒரு கறுப்புக் கார் திரும்பியது. வீட்டு இலக்கங்களைப் பார்த்துப் பார்த்து மெதுவாக வந்தது.

"தம்பி... வந்திட்டாள்... இல்லை, வையாதையும். லைனிலை நில்லும்... ஒண்டும் கதைக்க வேண்டாம், சும்மா நில்லும்."

சாம்பவி இறங்கினாள். பின்னாலிருந்து பெட்டியை எடுத்து உருட்டிக்கொண்டு வந்தாள். தகப்பன் முற்றத்தில் நிற்பதைக் கண்டு சிரிக்கத் தொடங்கினாள். பிறகு அவர் கையில் இருந்த பெனியனைப் பார்த்தாள். படியில் நின்ற போத்தல்களைப் பார்த்தாள். பெட்டியின் சக்கரச் சத்தம் நின்றது.

"... பாக்கிறாள்... பொனற்றடிக்குப் போறாள்... விரலாலை தொட்டுப் பாக்கிறாள். சில்லடியிலை குனியிறாள்... தேசிக்காய். தேசிக்காயை எடுக்க மறந்து போனன் தம்பி, பூசைக்குச் சில்லுக்குக் கீழை நசுக்கினது ரயர் இடுக்கிலை கிடந்திருக்குது... ஓம், கையிலை எடுத்திட்டாள். கோயில் எண்டு இப்ப தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். காய்ந்த தேசிக்காய்ப் பாதி, பூசைக்கு நசுக்கிய எலுமிச்சை, அவள் உள்ளங்கையில் இருந்தது.

"... நான் என்னத்தைச் சொல்ல? ... ஓம், கேக்குது, நீர் சொல்லுறது கேக்குது... என்னாலை ஏலாது. போனை அவளிட்டைக் குடுக்கிறன். நீர் விளங்கப்படுத்தும். பொய் வேண்டாம், உள்ளதைச் சொல்லும். 401ஐச் சொல்லும், பயத்திலை செய்ததாம் எண்டு சொல்லும். நான் சொன்னால் பிழையாத்தான் வரும்... மறுக்காதையும் தம்பி... பிள்ளை, இந்தா. யூட்சன். எட்வேட் அங்கிளின்ரை மகன். உன்னோடை ஏதோ கதைக்கவேணுமாம்."

சாம்பவி போனை வாங்கினாள். காதுக்குக் கொண்டுபோகவில்லை. திரையில் சிவப்பு வட்டத்தை அழுத்தி, போனைத் தகப்பனின் சட்டைப் பையில் வைத்தாள். பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினாள். உள்ளே போகவுமில்லை, தெருவுக்குத் திரும்பவுமில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.